கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஓவர்டைம்: ஒரு ஆட்டம், மூன்று பேரேடுகள்

கேள்வி இதுதான்: 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த பீன்பாட் கோப்பை இறுதி ஆட்டத்தில் நார்த்ஈஸ்டர்ன் கல்லூரி ஷூட்அவுட்டில் (ஆட்டக்காரர் தனியாகப் போய்க் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் முறை) ஹார்வர்டை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பதிவில் அது 2-2 டிரா என்றே இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மினசோட்டா டுலூத்தும் நார்த் டகோட்டாவும் ஐந்தாவது ஓவர்டைம் வரை போனார்கள். அங்கே ஷூட்அவுட் என்ற பேச்சே எழவில்லை. ஒரே அமைப்பு நடத்தும் ஒரே விளையாட்டில் விதி ஏன் இப்படி இரண்டு விதமாக இருக்கிறது?

60 நிமிடம் முடிந்து ஸ்கோர் சமமாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இது லீக் ஆட்டமா, நாக்அவுட் ஆட்டமா என்பதைத்தான். அக்டோபரிலிருந்து பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வரை நடக்கும் வழக்கமான சீசன் ஆட்டம் என்றால், ஓவர்டைம் 5 நிமிடம் மட்டுமே. கோல்கீப்பர் போக ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் ஆடுவார்கள், முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும். அந்த 5 நிமிடத்தில் கோல் விழாவிட்டால் என்சிஏஏ கணக்கில் டிரா. மார்ச்சில் தொடங்கும் கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) பிளேஆஃப் அல்லது தேசிய சாம்பியன்ஷிப் என்றால், பக்கத்துக்கு ஐந்து பேரோடு முழு 20 நிமிட ஓவர்டைம். அதிலும் முதல் கோலோடு முடிந்துவிடும். கோல் இல்லையென்றால் இடைவேளை விட்டு இன்னொரு 20 நிமிடம், அதன் பிறகு இன்னொன்று. இதற்கு மேல்வரம்பு கிடையாது, ஷூட்அவுட்டும் கிடையாது. பெண்கள் ஹாக்கியிலும் இதே அமைப்புதான்.

மூவர் ஆட்டம் பழைய விதி இல்லை. 2019-20 சீசன் வரை நாடு முழுக்கப் பொதுவாக இருந்தது 5 நிமிட ஐவர் ஓவர்டைம்தான். அதிலும் முடிவு வராவிட்டால் டிரா. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. என்சிஎச்சி என்ற மேற்கத்திய கான்ஃபரன்ஸ் அந்த டிராவுக்குப் பின்னால் தனியாக 5 நிமிட மூவர் ஆட்டம், அதுவும் தீர்க்காவிட்டால் ஷூட்அவுட் என்று நடத்தியது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்முன்னே ஒரு அணி ஜெயித்துக் கொண்டாடும், மறுநாள் தேசியப் பட்டியலில் டிரா என்று வரும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2020-21 முதல் எல்லோருக்கும் ஒரே மூவர் ஓவர்டைம் என்று என்சிஏஏ கொண்டுவந்தது. குழப்பம் குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. ஷூட்அவுட் இன்னமும் கான்ஃபரன்ஸின் சொந்தச் சமாசாரமாகவே இருக்கிறது.

ஒரு கல்லூரி ஆட்டத்தின் முடிவு ஒரே நேரத்தில் மூன்று பேரேடுகளில் ஏறுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகிவிடும். முதலாவது என்சிஏஏ பதிவு: வெற்றி, தோல்வி, டிரா. இரண்டாவது கான்ஃபரன்ஸ் புள்ளிப் பட்டியல். மூன்றாவது, தேசிய சாம்பியன்ஷிப்புக்கு எந்த 16 ஆண்கள் அணிகள் போகும் என்று தீர்மானிக்கும் தரவரிசைக் கணக்கு. ஒவ்வொன்றும் ஓவர்டைமை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிக் டென், என்சிஎச்சி, ஹாக்கி ஈஸ்ட் போன்றவற்றில் ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 3 புள்ளிகள். 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் மூன்றும் உங்களுக்கு, எதிரணிக்குப் பூஜ்யம். மூவர் ஓவர்டைமில் ஜெயித்தால் உங்களுக்கு 2, தோற்றவருக்கு 1. ஷூட்அவுட்டில் ஜெயித்தாலும் அதே 2, 1. ஆக, புள்ளிப் பட்டியலைப் பொறுத்தவரை ஓவர்டைம் கோலும் ஷூட்அவுட்டும் ஒன்றுதான். என்சிஏஏ பதிவு அப்படிப் பார்ப்பதில்லை. ஓவர்டைமில் ஜெயித்தது முழு வெற்றி, தோற்றது முழுத் தோல்வி, ஷூட்அவுட் வரை போனதோ டிரா. தரவரிசைக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூவர் ஓவர்டைம் வந்த 2020-21-ல், அணிகளை வரிசைப்படுத்த அப்போது பயன்பட்ட ஆர்பிஐ என்ற எண்ணின் கணக்கில் அந்த வெற்றிக்கு 55 சதவீதமும் தோல்விக்கு 45 சதவீதமும் தந்தார்கள். ஜெயித்தவருக்குக் கிடைப்பது அற்பமாக இருக்கிறது என்று 2021-22-ல் அதை மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று மாற்றினார்கள். ஷூட்அவுட் ஆட்டம் அங்கேயும் பாதிக்குப் பாதிதான். பிளேஆஃபில் ஐவர் ஓவர்டைமில் கிடைக்கும் வெற்றிக்கு இந்தக் குறைப்பு கிடையாது, அது முழு வெற்றி.

பயிற்சியாளர் எடுக்கும் முடிவுகளில் இது நேரடியாகத் தெரியும். கான்ஃபரன்ஸ் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 5 நிமிடத்தைப் பத்திரமாகக் கடத்தி ஷூட்அவுட்டுக்குப் போவதில் நஷ்டம் இல்லை. தன்னிடம் நல்ல கோல்கீப்பர் இருந்தால் லாபம்கூட. ஆனால் தேசியப் பட்டியலில் 15, 16, 17-ஆம் இடத்தில் தத்தளிக்கும் அணிக்கு அப்படி இல்லை. ஓவர்டைமிலேயே முடித்தால் மூன்றில் இரண்டு, விட்டுவிட்டால் பாதி. அந்த ஆறில் ஒரு பங்கு ஒரு ராத்திரியில் பெரிதாகத் தெரியாது. முப்பத்து நான்கு, முப்பத்தைந்து ஆட்ட சீசனில் இப்படி நான்கைந்து ஆட்டம் சேர்ந்தால் மார்ச் மாதம் வீட்டில் உட்காருவதா, பயணப் பையைக் கட்டுவதா என்பதை அதுவே தீர்மானித்துவிடும். அதனால் ஓவர்டைம் கடைசி நிமிடத்தில் ஓர் அணி திடீரென்று துணிந்து மேலேறினால், அவர்கள் எந்தப் பேரேட்டை நினைத்து ஆடுகிறார்கள் என்று பாருங்கள்.

தொழில்முறை என்எச்எல் லீக்கை விடக் கல்லூரிக் கான்ஃபரன்ஸ்களின் 3-2-1-0 முறை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்எச்எல்லில் 60 நிமிடத்துக்குள் முடிந்த ஆட்டம் 2 புள்ளி, ஓவர்டைமுக்குப் போன ஆட்டம் 3 புள்ளி. அதாவது சமமாக இழுத்தடித்தால் எங்கிருந்தோ ஒரு புள்ளி முளைக்கிறது. அதனால் கடைசிப் பத்து நிமிடம் இரு அணிகளும் கைகட்டி நிற்பதில் லாபம் இருக்கிறது. கல்லூரி முறையில் மொத்தம் எப்போதும் 3 தான். 60 நிமிடத்துக்குள் ஜெயிக்க ஒரு காரணம் மிஞ்சுகிறது.

கான்ஃபரன்ஸுக்கு வெளியே நடக்கும் வழக்கமான சீசன் ஆட்டங்களில் பிரிப்பதற்குப் புள்ளியே இல்லை. மூவர் ஓவர்டைம் முடிந்தும் சமம் என்றால் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சீசன் நடுவே நடக்கும் கோப்பைப் போட்டி மட்டும் விதிவிலக்கு. யாராவது ஒருவர் கோப்பையை வாங்கியாக வேண்டும் என்பதால் அங்கே ஷூட்அவுட் வைக்க அனுமதி உண்டு. பீன்பாட்டில் நடந்தது அதுதான். பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் காலேஜ், ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் என்ற நான்கு உள்ளூர்க் கல்லூரிகள் பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை இரவுகளில் மோதும் பழைய போட்டி அது. ஊருக்கே திருவிழா. ஆனால் விதிப்படி அது வழக்கமான சீசனுக்குள் வருகிறது. 2-2, ஐந்து நிமிட மூவர் ஆட்டம், கோல் இல்லை, ஷூட்அவுட். கோப்பை நார்த்ஈஸ்டர்னுக்கு, பதிவில் இருவருக்கும் டிரா. ஸ்கோர் பட்டியலில் 3-2 என்று பார்த்துவிட்டு மூன்றாவது கோலை யார் அடித்தார் என்று தேடினால் கிடைக்காது. ஷூட்அவுட் கோல் யாருடைய கணக்கிலும் சேருவதில்லை.

ஹாக்கி என்றதும் நம் ஊரில் புல்தரை ஹாக்கியின் ஷூட்அவுட்தான் நினைவுக்கு வரும். ஆடுபவருக்கு 8 விநாடி கொடுப்பார்கள், முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்தாலும் நேரம் இருக்கும்வரை மறுபடி அடிக்கலாம். ஐஸ் ஹாக்கியில் கடிகாரம் இல்லை, மறுவாய்ப்பும் இல்லை. பக் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) மைய வட்டத்தில் இருக்கும். வீரர் அதைத் தொட்டதிலிருந்து பக் எதிர்க் கோல் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை அடித்தாயிற்று என்றால் கம்பத்தில் பட்டுத் திரும்பினாலும், கோல்கீப்பர் காலில் பட்டு முன்னால் விழுந்தாலும் அவ்வளவுதான். கான்ஃபரன்ஸ் ஷூட்அவுட் பக்கத்துக்கு மூன்று பேரோடு தொடங்கும். அதிலும் சமம் என்றால் ஆளுக்கு ஒருவராக, ஒருவர் போட்டு மற்றவர் தவறும்வரை போகும்.

இனி மூவர் ஆட்டத்துக்குள் போவோம். பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது பெனால்டி, அதாவது தப்பு செய்தவர் சில நிமிடம் பெட்டியில் உட்காரும் தண்டனை, அதன் கணக்கில்தான். விதியின் அடிப்படை எளிது: எந்த அணியும் கோல்கீப்பர் போக மூன்று பேருக்குக் கீழே இறங்க முடியாது. அதனால் தப்பு செய்த அணியிலிருந்து ஆளைக் குறைக்க வழியில்லை, எதிரணிக்கு ஒருவரைக் கூட்டுகிறார்கள். ஒரு பெனால்டி என்றால் 4-க்கு 3. ஒரே அணி இரண்டு பெனால்டி வாங்கினால் 5-க்கு 3.

60 நிமிடம் முடிய 30 விநாடி இருக்கும்போது ஓர் அணி 2 நிமிடத் தண்டனை வாங்குகிறது என்று வையுங்கள். அப்போது ஆட்டம் 5-க்கு 4. 30 விநாடியில் கோல் இல்லை. ஓவர்டைம் 4-க்கு 3 என்று தொடங்கும், தண்டனையில் இன்னும் 1 நிமிடம் 30 விநாடி பாக்கி. அது தீர்ந்ததும் பெட்டியில் இருந்தவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். இப்போது ஐஸில் 4-க்கு 4. பலர் இங்கேதான் நடுவர் எண்ணத் தவறிவிட்டார் என்று நினைக்கிறார்கள். தவறு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் ஒருவரை வெளியே போகச் சொல்ல முடியாது என்பதால், அடுத்த விசில் வரை நால்வர் ஆட்டமாகவே போகும். விசில் ஊதி ஆட்டம் நின்றதும் இரு பக்கமும் மூவருக்கு இறங்கும். அந்த விசில் வராமலே ஓவர்டைம் முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே பெனால்டி தீர்ந்த பிறகு, ஆட்கள் குறைவாக இருந்தால் தனக்கு நல்லது என்று நினைக்கும் அணியின் கோல்கீப்பர் பக்கைப் பிடித்துவைத்து விசில் வாங்கப் பார்ப்பார். மற்ற அணி பக்கை நிற்கவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

சுற்றிக்கொண்டிருப்பது என்றதும் இன்னொன்று. மூவர் ஆட்டத்தில் அணிகள் எதிரியின் எல்லைக்குள் நுழைந்துவிட்டுத் திரும்பத் தங்கள் பக்கம் வருவதைப் பார்த்து, பயந்து பின்வாங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 200 அடி நீளமும் பொதுவாக 85 அடி அகலமும் கொண்ட ஐஸில் ஆறு பேர் மட்டும் இருக்கும்போது, பக்கைக் கையில் வைத்திருப்பதுதான் தற்காப்பு. தூரத்திலிருந்து ஓர் அடி அடித்து அது கோலுக்கு வெளியே போய்ப் பின்பலகையில் மோதி வேகமாக வெளியேறினால், அடித்தவரும் அவர் கூட்டாளியும் தவறான பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரணியின் இருவர் ஒருவரை நோக்கிப் பாய்வார்கள். மூவர் ஓவர்டைமில் விழும் கோல்களில் நிறைய இப்படி எதிர்ப்பக்கம் தவறிய அடியிலிருந்து பிறப்பவை. அதனால் விவரம் தெரிந்த அணிகள் நல்ல கோணம் கிடைக்கும்வரை அடிப்பதில்லை. களைத்தவுடன் பக்கோடு நடுக்கோட்டுக்கு வெளியே வந்து, ஒருவர் பக்கை வைத்திருக்க மற்றவர்கள் பெஞ்சுக்குப் போய்ப் புது ஆளை இறக்குவார்கள். எதிரணி அதே நேரத்தில் ஆளை மாற்ற முயன்றால் அந்த இடைவெளியில் நீண்ட பாஸ் பறக்கும். நடுவர் பக்கைப் போட்டு இருவரை மோதவிடும் தொடக்க ஃபேஸ்ஆஃப் இங்கே தங்கம். அதை ஜெயித்த அணி, எதிரி பக்கைத் தொடவே விடாமல் ஒரு நிமிடம் வைத்திருக்க முடியும்.

சரி, இவ்வளவு விறுவிறுப்பானதை ஏன் நாக்அவுட்டுக்கு வைக்கவில்லை? விறுவிறுப்பு வேறு, அளவுகோல் வேறு. ஒரு கல்லூரி அணி நான்கு வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்களையும் மூன்று ஜோடித் தடுப்பாட்டக்காரர்களையும் வைத்து ஆடுகிறது. மூவர் ஆட்டத்தில் அதில் ஆறேழு பேர்தான் ஐஸைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் பெஞ்சில் நிற்பார்கள். ஒரு புள்ளியைப் பிரிக்க அது போதும். ஒரு சீசனையே, நான்காம் ஆண்டு மாணவனின் கல்லூரி வாழ்க்கையையே முடித்துவைக்க அது போதாது. வீட்டுக்குப் போகிறவர் 60 நிமிடம் ஆடிய அதே ஆட்டத்தில் தோற்றுத்தான் போக வேண்டும். இந்த இடத்தில் என்சிஏஏ பிடிவாதமாக இருப்பது சரி என்றே நினைக்கிறேன், இரவு ஒரு மணி ஆனாலும்.

இரவு ஒரு மணி என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. 2015 மார்ச் 6 அன்று இண்டியானாவில் நாட்ர டேம் அரங்கில் ஹாக்கி ஈஸ்ட் முதல் சுற்று. மாசசூசெட்ஸ் அணி 4-3 என்று ஜெயித்தது, ஐந்தாவது ஓவர்டைமின் 11:42-ஆவது நிமிடத்தில் ஷேன் வால்ஷ் அடித்த கோலில். மொத்த ஆட்ட நேரம் 151 நிமிடம் 42 விநாடி. அடித்தபோது நாள் மாறிவிட்டிருந்தது. ஆண்கள் கல்லூரி ஹாக்கியில் மிக நீளமான ஆட்டம் அதுவே. அதற்கு முந்தைய சாதனை 2010-ல் குயின்னிப்பியாக் யூனியனை 3-2 என்று வென்ற ஆட்டம், 150 நிமிடம் 22 விநாடி. பெண்கள் பக்கம் 1996-ல் நியூ ஹாம்ப்ஷயர் பிராவிடன்ஸை 3-2 என்று வென்றது 145 நிமிடம் 35 விநாடியில். 2007-ல் தேசியக் காலிறுதியில் விஸ்கான்சினும் ஹார்வர்டும் 127 நிமிடம் கோலே இல்லாமல் ஆடி, நான்காவது ஓவர்டைமில் 1-0 என்று முடிந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கணக்கு செய்து பாருங்கள். 151:42-லிருந்து 60 நிமிடத்தைக் கழித்து, நான்கு முழு ஓவர்டைமின் 80 நிமிடத்தையும் கழித்தால் 11:42 சரியாக நிற்கும். இனி 1984-க்குப் போங்கள். லேக் பிளாசிடில் தேசிய இறுதி ஆட்டம், பௌலிங் கிரீன் 5-4 என்று மினசோட்டா டுலூத்தை வென்றது, ஜீனோ கவலீனி கோல், நான்காவது ஓவர்டைம். மொத்த நேரம் 97 நிமிடம் 11 விநாடி. 60 போக மிச்சம் 37:11. அதில் எப்படி நான்கு ஓவர்டைம் வரும்? அப்போது ஓவர்டைம் பத்துப் பத்து நிமிடமாக நடந்தது, நான்காவதில் 7:11-க்குக் கோல். இன்றைய கணக்கில் அது இரண்டாவது ஓவர்டைமிலேயே முடிந்திருக்கும். தேசிய இறுதி ஆட்டங்களில் அதுதான் இன்றும் மிக நீளமானது. ஆனால் ‘நான்கு ஓவர்டைம்’ என்ற பெயரை வைத்து 2007 ஆட்டத்தோடு அதை ஒப்பிடக் கூடாது. பழைய பதிவுகளில் ஓவர்டைமின் எண்ணிக்கையை நம்பாமல் நிமிடத்தை நம்புங்கள்.

நீண்ட ஓவர்டைமில் என்ன நடக்கிறது என்பதற்குத் தொடக்கத்தில் சொன்ன டுலூத், நார்த் டகோட்டா ஆட்டமே, 2021-ல் ஃபார்கோவில் நடந்தது, நல்ல பாடம். நார்த் டகோட்டா 2-0 என்று பின்தங்கி இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கோல்கீப்பரை வெளியே எடுத்து, ஆறாவது ஆட்டக்காரரை இறக்கி, இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கினார்கள். முதல் ஓவர்டைமில் பக் வலைக்குள் போனது. நார்த் டகோட்டா வீரர்கள் பெஞ்சிலிருந்து குதித்துக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். பிறகு நடுவர்கள் வீடியோவுக்குப் போனார்கள். கோலுக்கு முன்பு எல்லைக்குள் நுழைந்தபோது ஆஃப்சைடு. கோல் ரத்து. தலைக்கவசத்தையும் கையுறையையும் பொறுக்கி மாட்டிக்கொண்டு மறுபடி ஆட வேண்டியிருந்தது. ஓவர்டைம் கோலை உடனே நம்பாதீர்கள் என்பது இதனால்தான். பக் முழுதாகக் கோட்டைத் தாண்டியதா, வலை இடம்பெயர்ந்ததா, மட்டை உயரே இருந்ததா, எல்லைக் கோடான புளூ லைனில் பக்குக்கு முன்னால் கால் நுழைந்ததா என்று பார்த்து முடிந்த பிறகுதான் கை குலுக்கும் வரிசை.

அதன் பிறகும் ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. டுலூத் கோல்கீப்பர் சாக் ஸ்டேஸ்கலுக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்து வெளியேற, அதுவரை உட்கார்ந்திருந்த ரயன் ஃபான்டி இறங்கினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் இருந்துவிட்டு, அடுத்த தவறு சீசனை முடிக்கும் என்ற நிலையில் குளிர்ந்த உடம்போடு கோலுக்குள் போவது எப்படிப்பட்ட சோதனை என்று நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது ஓவர்டைமில் 2:13-க்கு லூக் மைலிமோக் கோல் அடித்தார், 3-2. 142 நிமிடம் 13 விநாடி, தேசியப் போட்டி வரலாற்றிலேயே மிக நீளமான ஆட்டம். மைலிமோக் முதலாண்டு மாணவர், முன்வரிசை நட்சத்திரம் அல்ல. ஐவர் ஓவர்டைம் நீள நீள ஆட்டம் நான்காவது வரிசையின் கைக்குப் போகிறது. முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அதற்குள் இரண்டு ஆட்டத்துக்கான ஓட்டம் ஓடியிருப்பார்கள். கடைசி வரிசையின் கால்களில் இன்னும் தெம்பு இருக்கும். மூவர் ஓவர்டைமில் மைலிமோக்குக்கு ஐஸே கிடைத்திருக்காது.

அந்த நேரத்தில் உடம்பைச் சமாளிப்பதும் ஒரு கலை. கோல்கீப்பரின் கவசங்கள் வியர்வையை உறிஞ்சி ஒவ்வொரு மணிக்கும் கனமாகின்றன. களைப்பும் உப்புச்சத்துக் குறைவும் சேரும்போது தொடையும் கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும் வேண்டும். இடைவேளை சுமார் கால் மணி நேரம், அதற்குள் கையுறையை உலர்ந்ததாக மாற்றி, ஸ்கேட்டைத் தீட்டி, செரிக்கக்கூடிய எதையாவது சாப்பிட்டுவிட வேண்டும். வழக்கமான இரவு உணவு நேரம் எப்போதோ போயிருக்கும். ஆட்டக்காரர்களை 45 விநாடிக்குப் பதில் 30 விநாடியில் மாற்றிக்கொண்டிருக்கும் பயிற்சியாளரின் அணி மூன்றாவது ஓவர்டைமில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆள் மாற்றுவதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும், பெஞ்சு மட்டும் அதே இடத்தில் இருக்கும். முதல் மற்றும் மூன்றாவது பீரியடில் உங்கள் பெஞ்சு நீங்கள் தற்காக்கும் கோலுக்கு அருகில். இரண்டாவது பீரியடில் அது எட்டத்தில். நாக்அவுட்டில் முதல் ஓவர்டைம் என்பது நான்காவது பீரியடு, ஆகவே பெஞ்சு மறுபடி எட்டத்தில். களைத்த தடுப்பாட்டக்காரர் தன் எல்லைக்குள் சிக்கிக்கொண்டால் பெஞ்சுக்கு ஓட முடியாது. பதற்றத்தில் தன் பாதியிலிருந்து எதிர்க் கோல் கோட்டைத் தாண்டும்படி பக்கை நீளமாக அடித்து ஐசிங் என்ற தவறைச் செய்தால் அந்த அணிக்கு ஆள் மாற்ற அனுமதி இல்லை, அதே களைத்த ஐவர் தங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே ஃபேஸ்ஆஃபுக்கு நிற்க வேண்டும். ஓவர்டைமில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை ஐசிங் அடித்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுங்கள், மூன்றாவது முறைக்குள் ஏதோ நடக்கும். ஆட்டம் முழுதுக்கும் ஒரே ஒரு டைம்அவுட் என்பதால், அதை ஓவர்டைமுக்கென்று சேமித்து வைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு.

எல்லா நாக்அவுட் ஓவர்டைமும் இப்படி நீளும் என்றும் இல்லை. 2023 ஏப்ரல் 8, டாம்பாவில் தேசிய இறுதி. மினசோட்டா 2-1 என்று முன்னால் இருந்தது. 2 நிமிடம் 47 விநாடி பாக்கி இருக்கும்போது கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஆடிய குயின்னிப்பியாக்கின் காலின் கிராஃப் சமன் செய்தார். ஓவர்டைம் இடைவேளையில் பயிற்சியாளர் ராண்ட் பெக்னால்டின் அணி, முன்பே பழகிவைத்திருந்த ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ஃபேஸ்ஆஃபை ஜெயித்துப் பக்கைப் பின்னால் சாக் மெட்சாவுக்குத் தள்ளுவது, அவர் அதைத் தூக்கி முன்னால் அனுப்புவது, சாம் லிப்கின் எல்லைக் கோட்டருகே அதை வாங்கி, வேகமெடுத்து வரும் ஜேக்கப் குயிலனுக்குத் தருவது. எதிரணி பழக்கப்படி மெதுவாக இடம் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிதான் குறி. குயிலன் கோல்கீப்பரை ஏமாற்றி வலைக்குள் போட்டார். கடிகாரத்தில் 10 விநாடி. இறுதி ஆட்ட ஓவர்டைம்களில் இதைவிட வேகமான கோல் கிடையாது. 1977-ல் விஸ்கான்சினின் ஸ்டீவ் அலி 23 விநாடியில் அடித்ததை அது தாண்டியது.

ஓவர்டைம் எப்படி வந்தது என்பதும் சில நேரம் விதியால் தீர்மானிக்கப்படுகிறது. 2025 மார்ச் 23, பெண்கள் தேசிய இறுதி, ஒஹையோ ஸ்டேட் 3-2 என்று விஸ்கான்சினை விட முன்னால். 18.9 விநாடி பாக்கி. கோல் முன்னால் இருக்கும் நீலக் கட்டத்துக்குள் பக் கிடக்க, ஒஹையோ ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கையால் மூடினார். கோல்கீப்பர் தவிர வேறு யாரும் அந்தக் கட்டத்துக்குள் பக்கைக் கையால் மூடக் கூடாது. மூடினால் 2 நிமிடத் தண்டனை அல்ல, பெனால்டி ஷாட். நடுவர் முதலில் அதைக் கொடுக்கவில்லை. விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் முறையிட்டு வீடியோ பார்க்கவைத்தார். கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாகப் போய் அதைக் கோலாக்கினார், 3-3. ஓவர்டைமில் மூன்று நிமிடம் முடிவதற்குள் அதே சிம்ஸ் மறுபடி அடித்தார், 4-3. அந்தப் பெனால்டி ஷாட் கோல் அவர் கணக்கில் முறையாக ஏறியது. ஷூட்அவுட்டில் அதே மாதிரி தனியாகப் போய் அதே மாதிரி போட்டிருந்தால் ஏறியிருக்காது.